கணக்கில் வராத கண்ணாடி

அவளுக்கு எண்ணக்கா என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. ஆனால் அளவெடுத்துத் தைத்த மாதிரியான பெயர். அவள் வீட்டில் கரண்டி எட்டு, தம்ளர் பதினொன்று, மாடிப்படி பதினேழு. துணி காயப்போட்டால் கிளிப்பை எண்ணித்தான் மாட்டுவாள், எண்ணித்தான் கழற்றுவாள். பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவர், "நல்லவேளை எனக்கு முடி கொட்டிடுச்சு. இல்லேன்னா அதையும் தினம் உட்கார வெச்சு எண்ணுவா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

அது தொழில் கொடுத்த வியாதி. இருபத்திரண்டு வருடங்களாக அவள் பாராசூட் மடிக்கிறாள். ஆட்கள் ஏறிப் போகும் ராக்கெட்டின் உச்சியில் ஒரு கலம் இருக்கும்; போகிறவர்கள் அதற்குள்தான் உட்கார்ந்திருப்பார்கள். கீழே ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால், கலத்தின் தலையில் பொருத்திய சின்ன ராக்கெட் ஒன்று கண்மூடித் திறப்பதற்குள் அந்தக் கலத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு பறந்துவிடும். அது வரைக்கும் படித்த பொறியாளர்களின் பாடு. பிடுங்கப்பட்ட கலம் கல் மாதிரி வந்து விழாமல் மெல்ல இறங்க வேண்டுமே, அங்கிருந்து எண்ணக்காவின் பாடு.

மடிப்பறையில் மேசை ஒரு தெரு நீளத்துக்கு இருக்கும். அதில் துணியை விரித்து, கயிறுகளைச் சிக்கில்லாமல் நீவி, மடித்து மடித்துப் பைக்குள் இறக்க ஒன்பது நாள் ஆகும். கடைசியில் இயந்திரத்தில் வைத்து அழுத்தினால் பை மரக்கட்டை போல இறுகிவிடும். அப்புறம் உள்ளே என்ன இருக்கிறது என்பது மடித்தவருக்குத்தான் வெளிச்சம். அதனால் அங்கே போடும் அங்கிக்குப் பையே கிடையாது. மோதிரம், கடிகாரம் எல்லாம் வெளியே லாக்கரில். சுவரில் ஒரு பலகை. கத்தரி, ஊசி, மடிப்பு நகராமல் மேலே வைக்கும் ஈயக்குண்டுப் பை என்று நாற்பத்திரண்டு சாமான்களுக்கும் அதனதன் உருவத்தைக் கறுப்பில் வரைந்திருக்கும். மாலையில் எல்லாம் அதனதன் உருவத்தின் மேல் போய்த் தொங்க வேண்டும். ஒரு உருவம் வெறுமையாகத் தெரிந்தாலும் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. ஒருமுறை ஊசி ஒன்றைக் காணாமல் ஆறு பேர் மூன்று மணி நேரம் தரையில் தவழ்ந்தார்கள். அது எதிர்ப்பக்கம் நின்று மடிக்கும் ஒட்டடையின் காலுறையில் குத்திக்கொண்டிருந்தது. ஆறடி இரண்டங்குலமும் விறகுக்குச்சி உடம்புமாக இருக்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

போன வருடம் எண்ணக்காவுக்கு எழுத்துகள் கலங்க ஆரம்பித்தன. நாற்பத்தெட்டு வயதில் எல்லோருக்கும் வருவதுதான். எட்ட இருக்கிற எறும்பு தெரியும், கையில் இருக்கிற ஊசிக் காது தெரியாது. வருடாந்திரப் பரிசோதனையில் சுவரில் இருக்கிற எழுத்தை மட்டும்தான் படிக்கச் சொன்னார்கள். கடகடவென்று படித்துவிட்டு வந்தாள். கடைத்தெருவில் பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்று வாங்கினாள். வாங்கின அதே வாரம் மடிப்பறை வாசலில் புது விதிகள் ஒட்டினார்கள். ஏழாவது விதி கொட்டை எழுத்தில்: மேசையருகே மூக்குக்கண்ணாடி அணியக் கூடாது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ இரண்டு வரி. எட்ட நின்றால் அதை யாராலும் படிக்க முடியாது, கிட்டே போனால் அவளால் படிக்க முடியாது. ஆள் நடமாடும் வாசலில் கண்ணாடியை எடுத்து மாட்டவும் முடியாது. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் கண் விஷயம் வெளியே வந்துவிடும். சாமான் அறையில் உட்கார்த்தி வைத்துவிடுவார்கள் என்று பயந்தாள். அந்த மேசையை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

ஆக, திருட்டுத்தனம். மடித்துவிட்ட அங்கிக் கைக்குள் கண்ணாடியைச் செருகிக்கொண்டு போவாள். ஆள் இல்லாத நேரத்தில் போட்டு, ஊசியில் நூல் கோத்து, மறுபடி செருகிவிடுவாள். ஊரையே எண்ணுகிறவள் அந்த ஒன்றை மட்டும் எண்ணவில்லை. எப்படி எண்ணுவாள்? அதற்குத்தான் பலகையில் உருவமே இல்லையே.

அடுத்த சோதனைக்கான மடிப்பின் ஒன்பதாம் நாள். ராக்கெட் இல்லாமல், தரையிலிருந்தே கலத்தைக் கிளப்பிப் பார்க்கிற சோதனை. உள்ளே மூன்று பொம்மைகள். அன்று மாலை நாற்பத்திரண்டும் பலகைக்கு வந்தன. அவளும் ஒட்டடையும் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். பையை அழுத்தி முத்திரை வைத்தார்கள்.

வீட்டில் கணவர் இருமல் மருந்துப் பாட்டிலை நீட்டினார். "எத்தனை மூடின்னு பாரு." அவள் கைப்பையைத் துழாவினாள். கவிழ்த்துக் கொட்டினாள். சாவி மூன்று, சீப்பு ஒன்று, பேனா இரண்டு. கண்ணாடி இல்லை. கடைசி மடிப்பை உள்ளே தள்ள இரண்டு கையையும் முழங்கை வரை விட்டது நினைவுக்கு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு?"

சொன்னாள். கணவர் மருந்து குடிக்காமலே பாட்டிலை மூடினார். பெண்டாட்டி மேல் இருக்கிற பிரியத்தில் மனிதர் தப்பான யோசனைதான் சொன்னார். "உள்ள பொம்மைதானே? யாருக்கு என்ன ஆகப் போகுது? பேசாம விட்டுடு."

"விரியலைன்னா எங்க தப்புன்னு தெரியாம எல்லாரும் மாசக்கணக்கா மண்டையை உடைச்சுப்பாங்க. விரிஞ்சுடுச்சுன்னா இன்னும் மோசம்ங்க. நான் அப்புறமும் இதையேதான் செய்வேன். அடுத்த தடவை உள்ள பொம்மையா இருக்கும்?"

காலையில் பையை எடுத்துப் போக வண்டி வருவதற்குள் அவள் சோதனை மேலாளரின் அறையில் நின்றாள். மேலாளரை எல்லோரும் தேதி மேடம் என்பார்கள். தேதி தள்ளிப்போனால் சோறு இறங்காத பிறவி. சோதனைக்கு நான்கு நாள்தான் இருந்தது. எண்ணக்கா மனப்பாடம் செய்துகொண்டு வந்த எதுவும் வாயில் வரவில்லை.

"மேடம், பைக்குள்ள என் கண்ணாடி இருக்கு."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமா?"

"பிளாஸ்டிக், மேடம். சின்ன ஆணி மட்டும்தான் தெரியும். உள்ள எத்தனையோ இரும்பு வளையம் இருக்கு."

"கண்ணாடி போட்டா என்ன? கயிறு கட்டி, பலகையில எண் வாங்கிட்டுப் போட்டுக்கலாம்னு ஏழாவது விதிக்குக் கீழேயே எழுதியிருக்கே. படிக்கலையா?"

எண்ணக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "கண்ணாடி இல்லாம அதை எப்படி மேடம் படிக்கிறது?"

அந்த நேரத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மேடம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "பிரிங்க" என்றார்.

மடித்த வரிசைக்கு நேர் எதிர் வரிசையில், ஒவ்வொரு மடிப்பையும் படம் எடுத்துக்கொண்டே பிரித்தார்கள். எண்ணக்காவைக் கை வைக்க விடவில்லை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றாள். இரண்டாம் நாள் மதியம் ஒட்டடையின் கை நின்றது. கண்ணாடி அங்கேதான் இருந்தது. காதில் மாட்டும் அதன் வளைந்த முனை ஒன்று எட்டுக் கயிறுகளைச் சேர்த்துக் கொக்கி போட்டுப் பிடித்திருந்தது.

ஒட்டடை வெளியே வந்தான். கோபத்தோடு கண்ணாடியை அவள் முன்னால் நீட்டினான். "இது விரிஞ்சிருக்காதுக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நூல் கோத்துத் தரமாட்டேனா? அவ்வளவுதானா என்னைத் தெரிஞ்சுக்கிட்டது?"

விதி மீறியதற்குக் கடிதம் வந்தது, இருபத்திரண்டு வருடத்தில் முதல் கடிதம். மூன்று மாதம் மேசைப் பக்கம் வரக் கூடாது. கடிதத்தைக் கணவர் படித்துச் சொன்னார். பிறகு கடைத்தெருவுக்குப் போய்ப் புதுக் கண்ணாடி ஒன்றும், அதற்கு இரண்டு கயிறும் வாங்கி வந்தார்.

ஒட்டடையும் இன்னொருவரும் மறுபடி முதலிலிருந்து மடித்தார்கள். பத்தொன்பது நாள் தள்ளிச் சோதனை நடந்தது. உள்ளே போக அவளுக்கு அனுமதி இல்லை. கணவர் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, காலி வேனில் அவளை வேலிக்கு வெளியே சாலையோரம் கூட்டி வந்தார். மரங்களுக்கு மேலே நெருப்பு கிளம்பியது. சத்தம் பின்னால் வந்து வேனின் கண்ணாடிகளை உலுக்கியது. அவள் வாய்விட்டு எண்ணினாள். பதினான்கில் விரிய வேண்டும். பதினான்கு வந்தது. ஒன்றுமில்லை. கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பதினைந்தில் வானத்தில் வெள்ளையாக ஒன்று விரிந்தது.

"நீ வேகமா எண்ணிட்டே" என்றார் கணவர். முதல்முறையாக அவள் எண்ணிக்கை தப்பியிருந்தது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மூன்று மாதம் கழித்து மடிப்பறைக்குள் நுழைந்தபோது கண்ணாடி அவள் கழுத்தில் கயிற்றோடு தொங்கியது. பலகையைப் பார்த்தாள். ஈயக்குண்டுப் பைகளுக்குப் பக்கத்தில் நாற்பத்து மூன்றாவதாக ஒரு கறுப்பு உருவம்: இரண்டு வட்டம், நடுவில் ஒரு பாலம். வட்டங்கள் கோணல்மாணலாக இருந்தன.

"யாரு வரைஞ்சது?"

"நான்தான்க்கா" என்றான் ஒட்டடை. "முட்டை மாதிரி இருக்குன்னு சொல்லாதீங்க." ஏழாவது விதியின் கதையைச் சொல்லி, மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பை எல்லாம் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

மாலையில் சாமான்கள் ஒவ்வொன்றாகப் பலகைக்குத் திரும்பின. நாற்பத்திரண்டு வரை எண்ணிவிட்டு, கண்ணாடியைக் கழற்றும் முன் கையெழுத்துத் தாளை எடுத்தாள். விதிகளோடு போன வருடம் வந்த புதுத் தாள். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேல் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஒரு வருடமாக அதன் கீழேதான் அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இன்றுதான் படித்தாள்: 'பலகையில் உள்ளவை தவிர வேறு எந்தப் பொருளையும் மேசைக்குக் கொண்டுவரவில்லை என்று உறுதி சொல்கிறேன்.'

"என்னக்கா, கையெழுத்துப் போடலையா?"

"இரு, தம்பி" என்றாள். இன்னொரு முறை முழுதாகப் படித்துவிட்டுப் போட்டாள்.