“என்னத்தத் தொட்ட?”

எங்கள் வீட்டில் விளக்கு அணைந்தால் யாரும் தீப்பெட்டியைத் தேடுவதில்லை. என்னைத்தான் தேடுகிறார்கள்.

“என்னத்தத் தொட்ட?”

இது என் வீட்டுக்காரர். முன்கூடத்திலிருந்து. ரேடியோ வாயை மூடிய மறு நிமிஷம்.

“மதினி, என்னத்தத் தொட்டீக?”

இது கொழுந்தனார். பஞ்சு மில்லில் மோட்டார் பழுது பார்க்கிற பிட்டர் வேலை. மரியாதையாகத்தான் கேட்பார்... கேள்வி என்னவோ அதேதான்.

போன வாரம் வீரபாண்டித் திருவிழாவுக்கு நாத்தனார் வந்திருந்தபோது நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால், ‘ஒருவேளை என் தப்புதானோ’ என்று பழையபடி யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். என் சுபாவம் அப்படி.

தேனியில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்து அதிக நாளாகவில்லை. முதலில் விளக்கு மட்டும். பிறகு யுத்தச் செய்தி கேட்க வேண்டும் என்று வீட்டுக்காரர் ரேடியோ வாங்கினார். கொழுந்தனார் மதுரையிலிருந்து கரண்ட் இஸ்திரிப் பெட்டி கொண்டுவந்தார். நான் கேட்டது ஒன்றே ஒன்று. கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச ஒரு சின்னக் கரண்ட் அடுப்பு. விறகுப் புகை பட்டால் குழந்தைக்கு இருமல் வந்துவிடுகிறது. இராப்பகலாக அதே கவலை எனக்கு.

ரேடியோ அவசியம். இஸ்திரிப் பெட்டி அவசியம். அடுப்பு மட்டும் ஆடம்பரமாம்! முனகிக்கொண்டேதான் வாங்கிக் கொடுத்தார்கள்.

அதனால் பியூஸ் போக ஆரம்பித்ததும் குற்றவாளி யார் என்று விசாரணையே நடக்கவில்லை. விடிகாலையில் கொழுந்தனார் சட்டை தேய்க்கிற நேரமும் நான் பால் காய்ச்சுகிற நேரமும் ஒன்று. பட்டென்று இருட்டு. உடனே அடுப்பைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள்.

சரி, வம்பு வேண்டாம் என்று அடுப்பைப் பரணில் ஏற்றிவிட்டு விறகுக்கே திரும்பினேன். குழந்தை இருமியது. பியூஸ் மறுபடியும் போயிற்று!

“ஈரக்கையோட ஸ்விட்சப் போட்டிருப்பீக மதினி.”

அன்று என் கை ஈரமாக இருந்ததா? இல்லை. இல்லையென்றுதான் நினைக்கிறேன். அடுக்களையில் நிற்கிறவள் கை எப்போது காய்ந்திருக்கிறது? பாருங்கள், இப்படித்தான் நானே என்னைச் சந்தேகப்படுகிறேன்.

மறுநாள் ஆண்கள் வேலைக்குப் போனதும் குழந்தையைத் தொட்டிலில் போட்டேன். பால் திரிந்தால் என்ன செய்கிறோம்? எந்தப் பாத்திரம் என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கிறோம். அதே வித்தைதான் இதற்கும். மெயின் ஸ்விட்சை அணைத்தேன். எல்லாப் பிளக்கையும் உருவினேன். பியூஸின் பீங்கான் கட்டையில் புதுக் கம்பி கட்டினேன். கொழுந்தனார் கட்டும்போதெல்லாம் விளக்குப் பிடித்தவள் நான்தானே!

மெயினைப் போட்டு, ஒவ்வொரு பிளக்காகச் சொருகினேன். ரேடியோ பாடியது. பரணிலிருந்து இறக்கிய அடுப்பு சிவந்தது. இஸ்திரிப் பெட்டி சுட்டது. பியூஸ் அசையவில்லை.

அப்படியானால்... என் கைதானா?

பிறகுதான் தோன்றியது. இஸ்திரிப் பெட்டி சும்மா உட்கார்ந்திருக்கிற சாமானா? குழந்தையின் துண்டு ஒன்றை விரித்து, பெட்டியை ஒரு இழுப்பு இழுத்துத் திருப்பினேன்.

பட்!

உட்கார்ந்திருந்தால் சாது. நடந்தால் திருடன். பெட்டிக்குள் ஒயர் நுழைகிற கழுத்தில் துணி உறை பிய்ந்து, இரண்டு செம்புக் கம்பிகளும் வெளியே எட்டிப் பார்த்தன. ஒயர் வளைகிறபோதெல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. தொட்டது யார் என்று இப்போது தெரிகிறதா?

சாயங்காலம் பெருமையாகச் சொன்னேன்.

“மதுரையில வாங்கின புதுப் பொட்டி மதினி இது!” என்றார் கொழுந்தனார்.

வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “அது கெடக்கட்டும். நீ எதுக்கு மெயின் ஸ்விட்சத் தொட்ட?”

எப்படி இருக்கிறது நியாயம்?

அடுத்த நாள் கொழுந்தனார் மில்லிலிருந்து ஒரு கம்பித் துண்டு கொண்டுவந்தார். செம்பு. ஊதுவத்தித் தடிமன். அதைப் பியூஸ் கட்டையில் முறுக்கிக் கட்டினார்.

“இனிமே ஜென்மத்துக்கும் போகாது. உங்களுக்கும் ஏச்சு இல்ல, எங்களுக்கும் இருட்டு இல்ல.”

“இதுக்குத்தான் மூளை வேணுங்கிறது” என்றார் வீட்டுக்காரர்.

தப்பு நடந்தால் தான் உருகி வீட்டைக் காப்பாற்றத்தானே அந்த மெல்லிய கம்பி? கழுத்துப் பிய்ந்தது அப்படியே இருக்க, காவல்காரனைக் கட்டிப்போட்டால் ஆயிற்றா? கேட்க வாய் வந்தது. மோட்டாரோடு பழகுகிறவருக்குத் தெரியாததா என்று இன்னொரு மனசு அடக்கியது. நான் திரும்ப ஏற்றி வைத்திருந்த அடுப்பையும் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்துவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

பியூஸ் போகவில்லை. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது.

திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம். கௌமாரியம்மனுக்கு அக்கினிச் சட்டி எடுக்க நேர்ந்துகொண்டு, உத்தமபாளையத்திலிருந்து நாத்தனார் வந்திருந்தார். முற்றத்தில் உட்கார்ந்து வேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தார். கூடத்தில் கொழுந்தனார் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டுச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். குழந்தை அங்கனேயே தவழ்ந்துகொண்டிருந்தது.

பெட்டியின் கழுத்தில் ஒரு பொறி. பழைய நாளாக இருந்தால் அந்த நொடியே இருட்டும் திட்டும் வந்திருக்கும். அன்றைக்கு வரவில்லை. பொறி நிற்காமல் சீறியது. ஒயர் புகைந்தது. கொழுந்தனார் “ஆத்தாடி!” என்று பெட்டியை விட்டுக் கையை உதறினார். ஜமுக்காளம் பற்றிக்கொண்டது.

குழந்தைக்கு அது மத்தாப்பு. சிரித்துக்கொண்டே கையை நீட்டிக்கொண்டு போகிறது!

குழந்தையா, ஸ்விட்சா? வாழ்க்கையில் முதல் தடவையாக நான் யோசிக்கவில்லை. ஒரு கையால் குழந்தையை வாரிக்கொண்டு ஓடினேன். மறு கையால் மெயினை இழுத்தேன்.

இருட்டு. ஜமுக்காளத்தைச் சுருட்டி மிதிக்கிற சத்தம். அப்புறம், முன்கூடத்திலிருந்து...

“என்னத்தத் தொட்ட?”

முற்றத்திலிருந்து நாத்தனார்: “ஏத்தா, என்னத்தத் தொட்ட?”

தோளில் குழந்தை வீறிட்டது. இந்த வீட்டுக்கு வந்த நாளாக நான் குரல் உயர்த்தியவள் அல்ல.

“ஒண்ணையும் தொடல! இந்தா, இப்பத்தான் தொடுறேன்!”

பீங்கான் கட்டையைப் பிடுங்கினேன். இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் அரிக்கேன் விளக்கோடு வந்தார். கருகின ஜமுக்காளத்தைப் பார்த்தார். தம்பியின் கொப்புளித்த விரலைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“சரி, கட்டையக் குடு. அக்கா வந்திருக்காக, இருட்டுல ஒக்காந்திருக்காக.”

“புது ஒயரு வரட்டும். மெல்லிசுக் கம்பி வரட்டும். அப்புறம் தாரேன்.”

நாத்தனார்தான் சிரித்துவிட்டார். “சாவி சொருகுற இடுப்புல கரண்டையே சொருகிட்டாளே! ஏலே, இவகிட்ட வாயக் குடுக்காமப் போயி ஒயர மாத்துங்கடா!”

மறுநாள் வீரபாண்டியில் அவர் சட்டி எடுக்கும்போது பக்கத்தில் நின்றேன். கைக்கும் சட்டிக்கும் நடுவே எத்தனை அடுக்கு வேப்பிலை! வாட வாடப் புது இலை வைத்துக் கொடுக்கிறார்கள். ‘இலை அடிக்கடி வாடுது, தகரத்த வை’ என்று எவனாவது சொல்லுவானா? நெருப்பை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்து மனிதர்களுக்குச் சொல்லித்தரத் தேவையே இல்லை. ஆனால் கோவிலில் இருக்கிற புத்தி வீட்டுச் சுவரில் இருக்கிற பியூஸ் பெட்டிக்கு முன்னால் எங்கே போகிறது?

பியூஸ் போனால் ‘எந்தச் சாமான்’ என்று கேளுங்கள் ஐயா. ‘யார்’ என்று கேட்காதீர்கள். நீங்கள் ஆளைத் தேடுகிற நேரத்தில் ஒயர் புகைந்துகொண்டிருக்கிறது.

புது ஒயர் வந்துவிட்டது. மெல்லிய கம்பியும் கட்டியாயிற்று. நேற்று சாயங்காலம் மறுபடி விளக்கு அணைந்தது. எங்கள் வீட்டில் ஒரு குரலும் எழவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தேன்... தெரு முழுக்க இருட்டு.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஆண் குரல்: “அடியே, என்னத்தத் தொட்ட?”

எதிர்வீட்டிலிருந்தும் அதே.

ஒரு தெருவையே அணைக்கிற சக்தி எங்கள் கைக்கு இருந்தால், இத்தனை நாள் விளக்கையா அணைத்துக்கொண்டிருப்போம்?