காது வைத்த நிழல்

ஒருவரை அவருடைய நிழலை வைத்தே பிடித்துவிடலாம் என்று நான் முழுமனதாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில் மூன்று நாள் வெயிலுக்கே போகவில்லை. போனாலும் உச்சிப்பொழுதில்தான். அப்போதுதான் நிழல் காலடிக்குள் ஒளிந்திருக்கும்.

எல்லாம் சித்தப்பா செய்த வேலை. புதுக்குடியிருப்பில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். எங்கள் சங்கக்கடை மனேச்சர், மண்ணெண்ணெய் அளக்கும் கோப்பை நிரம்பமுன்னமே போத்தலுக்குள் சரித்துவிடுவார். கேட்கிற ஆளின் பங்கீட்டு அட்டையை வெட்டிவிட்டால் வீட்டில் விளக்கெரியாது. ஆகவே யாரும் கேட்பதில்லை. சித்தப்பா கேட்காமல் செதுக்கினார்.

தேயிலைப்பெட்டிப் பலகையில் ஒரு படம். சின்ன விளக்கொன்றின் முன்னால் மனேச்சர். அவருடைய நிழல் பூதம்போல எழுந்து, போத்தலோடு நிற்கும் சனம் முழுவதையும் மூடுகிறது. நிழல் விழும் விதம் பார்க்க என் சட்டைக்குள் தலையணையைத் திணித்து விளக்குக்கு முன்னால் நிறுத்தினார். வெளிச்சம் வேண்டிய இடத்தைத் தோண்டி எடுத்தார்; இருட்டைத் தொடாமல் விட்டார். புகைக்கரியில் எண்ணெய் குழைத்துப் பூசி, கொப்பித்தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தார். படத்தில் முகம் மனேச்சருடையது. நிழலின் இரண்டு விசிறிக் காதுகளும் சாட்சாத் என்னுடையவை.

விடிய அது சங்கக்கடைச் சுவரில் இருந்தது. சனம் சிரித்துவிட்டு வழக்காடியது.

"மனேச்சருக்கு மச்சம் வலக்கன்னத்திலயெல்லோ? இதில இடப்பக்கம் கிடக்கு."

"அப்ப இது ஆரப்பா?"

"ஐயோ, அச்சில பக்கம் மாறுமெண்டதை மறந்திட்டன்," என்று சித்தப்பா வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு மச்சமா முக்கியம்? காதுகளைச் சால்வையால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கன்னம் வீங்கும் கூகைக்கட்டு என்று நினைத்து அம்மா மஞ்சள் அரைத்துப் பூசினார்.

மூன்றாம் நாள் பின்னேரம் மனேச்சரின் சைக்கிள் எங்கள் படலையில் நின்றது. நான் மஞ்சளும் சால்வையுமாகக் கட்டிலுக்கடியில் புகுந்தேன். அவர் கதிரையில் அமர்ந்து மடித்த தாளை விரித்தார்.

"இது ஆர் தம்பி?"

"ஆரோ ஒராள், ஐயா. உங்களுக்கு மச்சம் மற்றப் பக்கமெல்லோ," என்றார் சித்தப்பா.

"ஊரும் அப்பிடித்தான் சொல்லுது." மனேச்சர் வெகுநேரம் தாளையே பார்த்தார். "நான் கண்ணாடியில சவரம் எடுக்கேக்க மச்சம் இந்தப் பக்கம்தான் தெரியுது."

மனேச்சர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நிழலைக் கொஞ்சம் சின்னனாக்கியிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அடுத்த முறை மண்ணெண்ணெய்க்குப் போனபோது என் போத்தல் கழுத்துவரை நிரம்பி, காலிலும் வழிந்தது. என் காதுக்குப் பயந்துவிட்டார் என்று வெகுகாலம் பெருமையாக நினைத்திருந்தேன். அன்று அவர் என்னைத் தேடி வரவேயில்லை. ஊர் முழுக்கப் பார்த்த அந்தப் படத்தில், இது மனேச்சர்தான் என்று நிச்சயமாக அடையாளம் கண்டவர் அவர் ஒருவர்தான்.