ஒன்பதாம் குழிக்கு ஒரு மடை

இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகிற வழியில், செம்மண் மேட்டில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. வாசல் பலகையில் அதற்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர். சுற்றுவட்டாரத்துக்கு அது புல்லுக் கம்பெனி. "மாடு வளக்காம புல்லு மட்டும் வளக்குற ஊரு இது ஒண்ணுதாம்ப்பா" என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். பேசுகிற ஆளின் வீட்டிலேயே யாராவது ஒருத்தி அங்கே வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாள்.

மரியசெல்வம்தான் அந்தப் புல்லுக்கெல்லாம் பொறுப்பு. வாலிபத்தில் சிங்கப்பூருக்குப் போய், அங்கே ஒரு கோல்ஃப் கிளப்பில் புல் வெட்டியும் மணல் பரப்பியும் தலை நரைத்துத் திரும்பியவர். ஊரில் ஆடு வளர்க்கலாம் என்று கொட்டகைக்குக் கால் ஊன்றிக்கொண்டிருந்த சமயத்தில் செம்மல் தேடி வந்தான். அரிசி ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளை, மைதானத்தின் முதலாளி. "அண்ணே, ஆட்டைப் பிறகு பாத்துக்கலாம், என் புல்லைப் பாருங்க" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டான். அவருடைய மனைவி அன்புமொழி அந்தக் கொட்டகையில் இப்போது விறகு அடுக்கி வைத்திருக்கிறாள்.

மைதானத்தில் மொத்தம் ஒன்பது குழிகள். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் பாய் விரித்த மாதிரி ஒட்ட வெட்டிய புல்தரை ஒன்று உண்டு. கிரீன் என்பார்கள். எட்டு கிரீன்களை வெளியூர் கம்பெனிக்காரர்கள் போட்டுவிட்டுப் போனார்கள். ஒன்பதாவது மட்டும் மரியசெல்வம் போட்டது. அடியில் துளைக் குழாய் பதித்து, அதன்மேல் கூழாங்கல், அதன்மேல் மணல் என்று ஒவ்வொன்றையும் தன் கையால் பரப்பி, புல்லைத் துண்டு துண்டாக நட்டு வளர்த்தார். செருப்புப் போட்டுக்கொண்டு அதில் ஏற வேலைக்காரப் பெண்கள் ஒருத்தரையும் விடமாட்டார். பெண்களும் பழகிவிட்டார்கள். கிரீன் ஓரத்தில் செருப்புகள் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்தால் உள்ளே ஏதோ சாமி இருக்கிறது என்றுதான் தோன்றும்.

அந்த வருஷம் கார்த்திகை மழை பிடித்த பிடியை விடவில்லை. கலெக்டர் லீவு விட்டு விட்டு, பிள்ளைகளுக்கே வீடு சலித்துப்போனது. மழைக்கு ஏங்கியே பழகிய சீமை. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் மழைக்கு நன்றி சொல்லிச் சாமியார் மன்றாடினார், கோயிலே சேர்ந்து பதில் சொன்னது. மரியசெல்வம் உதட்டை மட்டும் அசைத்தார். "சத்தம் வரலையே" என்று அன்புமொழி முழங்கையால் இடித்தாள்.

"போதும்னு சொன்னா பாவம். இன்னும் வேணும்னு சொன்னா பொய்யி. நான் என்னத்தைச் சொல்ல?"

அவருக்குக் கவலை ஒன்பதாவதுமேல்தான். மற்ற எட்டும் சரிவில் இருந்தன. பெய்தது வழிந்துவிடும். ஒன்பதாவது வாசலை ஒட்டிய பள்ளத்தில் இருந்தது. வாசலை ஒட்டியிருந்ததாலேயே செம்மலுக்கும் அதன்மேல் ஒரு கண். போன வருஷ மழையில் அது பாதி அழுகி, கோடை முழுக்க அதோடு மாரடித்தாயிற்று. இந்த மழை தொடங்கியதும் குடையோடு வந்து நின்று சொல்லிவிட்டான்.

"இந்தத் தடவை தப்பிச்சா இருந்துட்டுப் போகட்டும்ணே. அழுகிப்போச்சுன்னா மூடிட்டு காரு நிப்பாட்ட எடம் பண்ணிருவோம். வருஷா வருஷம் மல்லுக்கட்ட முடியாது."

"பொழைச்சிரும் தம்பி."

"நீங்க ஆசையில சொல்றீங்க."

ஆசையில்தான் சொன்னார். ஆனால் ஆசையோடு சும்மா இருக்கிற ஆள் இல்லை. சிங்கப்பூரில் மழை நின்ற நாழிகையில் பெரிய பெரிய மின்விசிறிகளும் உறிஞ்சு மெஷின்களும் வந்து இறங்கும். இங்கே புதுக்கோட்டைப் பழைய இரும்புக் கடையில் பஸ் சீட்டுகளைக் கிழித்து எடுத்த ஸ்பாஞ்சை வாங்கி வந்து, பிளாஸ்டிக் குழாயில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டினார். புல்லின்மேல் உருட்டினால் அது தண்ணீரைக் குடிக்கும். ஓரத்தில் கொண்டுபோய் மிதித்தால் கக்கும். வளையும் மூங்கில் கழியால் புல் நுனியை வீசி வீசி நீரைத் தட்டினார். நாலு பல் இரும்புக் கவையால் தரையெங்கும் குத்தி வேருக்கு மூச்சு விட வழி செய்தார். புல் வெட்டும் மெஷினை மூடிப் போட்டாயிற்று. ஈரத்தில் அது ஏறினால் தரை அமுங்கி, வேர் நசுங்கிவிடும். குழியில் நட்டிருந்த கொடியைப் பிடுங்கி, குழியையும் மூடி, ஒரு ஆளும் ஏறாதபடி கயிறு கட்டினார்.

இந்த வேலைக்கெல்லாம் அவருக்கு வலது கை பொன்னுத்தாய்தான். பெண்களுக்கு மேஸ்திரி, கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் வயல் வைத்திருப்பவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். பிளாஸ்டிக் சாக்கைத் தலையும் முதுகும் மறையக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஸ்பாஞ்சை உருட்டுவாள்.

"எங்க வீட்டுல ஒழுகுது, அதை ஒத்தி எடுக்க ஆள் இல்ல. இங்க வந்து பில்லுக்குத் தலை தொவட்டிக்கிட்டு இருக்கேன். எங்க அக்கா மக கேட்டா சிரிப்பா."

"சளி பிடிச்சிரும்ல தாயி, அதுக்குத்தான்."

"அப்ப மிளகு ரசம் வச்சு ஊத்துவமா?"

இப்படியே நாட்கள் நனைந்துகொண்டு போயின. ஒன்பதாவது பச்சையாகவே நின்றது. அடியிலுள்ள குழாய்கள் குடித்ததையெல்லாம் வேலியோரத்துக் குழாய் வாய் வழியே ரோட்டுப் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தன. விடிந்ததும் முதல் வேலையாக மரியசெல்வம் அந்தச் சத்தத்தைத்தான் கேட்பார். வீட்டில் தூங்குகிற பிள்ளையின் மூச்சைக் கேட்கிற மாதிரி.

ஒரு நாள் காலை சத்தம் இல்லை.

மழை விட்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தார். ஒன்பதாவது கிரீன் முழுக்கத் தண்ணீர். அதில் மேகம் தெரிந்தது. மேகத்துக்கு நடுவே ஒரு கொக்கு நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. வேலியோரம் போனால், குழாய் வாயில் சாக்குச் சுருட்டித் திணித்து, மேலே களிமண் அப்பி, மண்ணோடு பெயர்த்த புல் கரணை வைத்து மிதித்திருந்தது. கைதேர்ந்த மடை அடைப்பு.

"எவன் பாத்த வேலை இது?"

பின்னாலேயே வந்த பொன்னுத்தாய் தயங்கவே இல்லை. "நாந்தாண்ணே. நேத்துச் சாயந்தரம் போகையில அடைச்சுட்டுப் போனேன்."

மரியசெல்வம் திரும்பி அவளைப் பார்த்தார்.

"பின்ன என்னண்ணே? சித்திரையில டேங்கர் லாரி வரலைன்னு சோறு திங்காம ஒக்காந்திருந்தீங்கள்ல. கொடங்கொடமா தூக்கியாந்து நாங்க ஊத்துனோம்ல. இப்ப வானம் சும்மா குடுக்குது. நீங்க ரோட்டுல விடுறீங்க. அது ஓடையில விழுந்து எங்கிட்டோ போவுது. பாத்துட்டுப் போக மனசு கேக்கல. ஒங்க பில்லுக்குத்தானே சேத்து வச்சேன்?"

ஓடுகிற தண்ணீரை மறிக்காமல் போனால் கை நமைக்கிற ஊர் அது. அவள் கை மட்டுமா, அவரும் அந்த மண்தான். கோபம் எழும்பி வந்து பாதியிலேயே உட்கார்ந்துவிட்டது.

"அடிப் பாவி, இது நாத்தங்கால் இல்ல தாயி."

"நாத்தே தண்ணியில நிக்குது. பில்லு நிக்காதா?"

"நாத்துக்கு நீச்சல் தெரியும். இதுக்குத் தெரியாது. வேரு மூச்சு முட்டிச் செத்துரும்." அவர் வானத்தைக் காட்டினார். கிழக்கே மேகம் கிழிந்து வெளிச்சம் எட்டிப் பார்த்தது. "வெயிலு வேற வருது. நிக்கிற தண்ணியில வெயிலடிச்சா புல்லு வெந்துரும், கீரை வேகுற மாதிரி. தம்பி காரை நிப்பாட்டிருவாரு."

பொன்னுத்தாய் முகம் சுண்டிப்போனது. அடுத்த கணம் சேலையை வரிந்துகொண்டு இறங்கி, சாக்கைப் பிடுங்கி எறிந்தாள். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. கொஞ்ச தூரம் வந்தது. நின்றுவிட்டது. இரவு மழையில் ஓடை நிரம்பி, ரோட்டுப் பள்ளமும் குழாய் வாய்வரைக்கும் ஏறி நின்றது. போக இடமில்லை.

போக இடம் ஒன்று உண்டு. ஒன்பதாவதுக்குத் தெற்கே, தாழ்வில், பந்து விழுந்து தொலைவதற்கென்றே வெட்டிய குளம். அது இன்னும் பாதிகூட நிறையவில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவே செம்மலின் செல்லப் புல்வெளி கிடந்தது. மைதானத்தின் விளம்பரப் படத்தில் இருப்பது அதுதான். அதில் வாய்க்கால் வெட்டவேண்டும்.

மரியசெல்வம் போன் போட்டார். செம்மல் திருச்சியில் இருந்தான்.

"அங்கயா வெட்டப்போறீங்க? வேணாம்ணே. சாயந்தரம் வாறேன், வந்து பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

"சாயந்தரம்னா..."

"அண்ணே, நான் வர்றவரைக்கும் கைய வைக்காதீங்க."

போனை வைத்துவிட்டு மரியசெல்வம் தரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். கொக்கின் நிழல் தண்ணீரில் விழ ஆரம்பித்திருந்தது. நிழல் விழுந்தால் வெயில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

"என்ன சொல்றாக?" என்றாள் பொன்னுத்தாய்.

"வெட்டாதேங்குறாரு."

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் போய் மண்வெட்டியை எடுத்துவந்தார். புல்வெளியின் ஓரத்தில் நின்று, பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றினார். பிறகு ஓங்கி ஒரு வெட்டு.

பொன்னுத்தாய் பெண்களைக் கூப்பிட்டாள். "ஏய், வாங்கடி! தண்ணி ரோட்டுக்குப் போகல, கொளத்துக்குப் போவுது!" அதைக் கேட்டதும் அவர்கள் வந்த வேகமே வேறு. புல்லைக் கரணை கரணையாக அலுங்காமல் பெயர்த்து ஓரத்தில் வைத்தார்கள். பிறகு மண்ணை வாரினார்கள். வாட்டம் பார்க்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வரப்போடு வளர்ந்த கண்கள். குளத்தங்கரையில் கடைசி மண்ணை எடுத்தபோது தண்ணீர் சற்றுத் தயங்கி, வழி தெரிந்துகொண்டு, செம்மண் நிறத்தில் சரசரவென்று ஓடியது. ஒருத்தி குலவை போட்டாள். எல்லாருக்கும் சிரிப்பு. கொக்கு எழுந்து குளத்துக்கே போய்விட்டது.

வெயில் உறைப்பதற்குள் கிரீன் தலை தூக்கியது. ஸ்பாஞ்சு உருட்டி, மூங்கில் வீசி, கவையால் குத்தி, தார்ப்பாய்க்கு அடியில் காத்து வைத்திருந்த மணலைத் தூவினார்கள்.

சாயந்தரம் செம்மல் வந்தான். காரை விட்டு இறங்கியதும் வாய்க்கால்தான் கண்ணில் பட்டது.

"வெட்டாதீங்கன்னு சொன்னேன்லண்ணே?"

"சொன்னீங்க தம்பி."

"அப்புறம்?"

"வெயிலு ஒங்களுக்கு முந்தி வந்துருச்சு."

செம்மல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். "மடையை அடைச்சது நாந்தான் தம்பி, ஏசுறதுன்னா என்னை ஏசுங்க" என்று பொன்னுத்தாய் முன்னால் வந்தாள். அவளை ஏசுவதற்கு அந்த வட்டாரத்தில் யாருக்கும் தெம்பு கிடையாது. "புல்லு செத்துச்சுன்னா வாய்க்காலையும் சேத்து மூடிருவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

ஆனால் புல் மஞ்சளடித்தது. நடுவில் தட்டு அகலத்துக்குத் தொடங்கி, முறம் அகலத்துக்குப் படர்ந்தது. மரியசெல்வம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், கை தட்டிலேயே நிற்கும். "அந்தப் புல்லுக்கே தாலி கட்டியிருக்கலாம்" என்பாள் அன்புமொழி. சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள். அவர் காலையில் கிளம்புகிறபோது, "இன்னைக்கி எப்புடி இருக்குன்னு போன் பண்ணுங்க" என்றும் சொல்வாள்.

மழை ஓய்ந்து, மார்கழிப் பனி இறங்கியபிறகு ஒரு காலையில் செம்மல் வந்தான். மஞ்சள் இன்னும் முழுசாகப் போகவில்லை. கிரீனைச் சுற்றி நடந்தான்.

மரியசெல்வம் குழி வெட்டுகிற கருவியை எடுத்துவந்தார். இரண்டு கைப்பிடி வைத்த இரும்புக் குவளை அது. மஞ்சளுக்கு நடுவிலேயே வைத்து, திருகி, அழுத்தி, மேலே இழுத்தார். உருளையாக மண்ணும் புல்லும் வந்தது. அதை மூக்கருகே கொண்டுபோனார். கெட்டிருந்தால் கூமுட்டை வாடை அடிக்கும். அவர் மெல்ல மூச்சை இழுத்தார். முதல் மழை விழுந்த முற்றத்து வாசனை. மண்ணை விரலால் உதிர்த்தால், பழுப்பு வேர்களுக்கு நடுவே புதுசாக, பால்பல் மாதிரி, வெள்ளை வேர்கள்.

"மோந்து பாருங்க தம்பி."

செம்மல் மோந்து பார்த்தான். வெள்ளை வேரை விரல் நுனியால் தொட்டான். "உசுரு இருக்கு" என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு வாசலைப் பார்த்தான். கார் நிற்க வேறு இடம் தேடுகிற பார்வை. "அந்த வேப்பமரத்துக்கு அங்கிட்டு காரை நிப்பாட்டிக்கலாம். எடுத்த குழியை மூட வேணாம்ணே. கொடியை ஊனுங்க."

அங்கேயே ஊன்றினார்கள். முதல் பந்தை செம்மலே அடித்தான். அது வானத்தில் அழகாகப் போய், புல்வெளியில் விழுந்து, உருண்டு, புது வாய்க்காலுக்குள் இறங்கி, சாவகாசமாகக் குளத்தை நோக்கிப் போனது.

"அண்ணே!" என்றான் செம்மல்.

"இனிமே அதையும் தாண்டித்தான் அடிக்கணும் தம்பி."

குளத்தங்கரையில் பொன்னுத்தாய் நின்றிருந்தாள். தண்ணீர் கரை தட்டிக் கிடந்தது. பந்து உருண்டு வந்து தண்ணீரில் முங்குவதைப் பார்த்தாள், எடுக்க இறங்கவில்லை.

"கெடக்கட்டும்ண்ணே," என்று அங்கிருந்தே கத்தினாள். "சித்திரைக்கித் தண்ணி மோக்க வருவம்ல, அப்ப எடுத்துக்கலாம்."

மரியசெல்வம் செருப்பைக் கழற்றிவிட்டு ஒன்பதாவதில் ஏறினார். உள்ளங்காலுக்குப் பனி ஜில்லென்று இருந்தது. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.