நான்கு ட்ராக்கும் ஒரு பீப்பும்

செமினியில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் மின்தூக்கி அடிக்கடி படுத்துக்கொள்ளும். அதற்காகத் தமிழில் ஓர் அறிவிப்பைப் பேசித் தரும்படி போன வாரம் நிர்வாக அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் ஏற்கெனவே யாரோ பேசி வைத்திருந்தார்கள். தமிழுக்கு நான் அகப்பட்டேன், குடியிருப்போர் கூட்டங்களில் அதிகம் வாயாடுகிறவன் என்ற தகுதியில்.

அலுவலகத்துப் பெண் கணினியில் ஓர் ஒலிப்பதிவு மென்பொருளை இறக்கினாள். இலவசம். கண்மூடித் திறப்பதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. "அங்கிள், எத்தனை ட்ராக் வேணும்? இஷ்டத்துக்குப் போட்டுக்கலாம்," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'மின்தூக்கி பழுதடைந்துள்ளது' என்று சொல்வதற்குக் குரல்மேல் குரல் அடுக்க எத்தனை ட்ராக் வேண்டும், நீங்களே சொல்லுங்கள். ஆனால் நான் சிரித்தது அதற்காக இல்லை. இந்தக் கேள்வியை யாராவது நம்மிடம் கேட்கமாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்த காலம் ஒன்று எனக்கு உண்டு.

அப்போது பிரிக்பீல்ட்ஸில், ஒரு தையற்கடைக்கு மேலே, நண்பன் குணாவோடு சேர்ந்து ஓர் அறையில் இருந்தேன். எனக்குக் கூரியர் கம்பெனியில் வேலை. குணாவுக்கு வாரநாளில் காப்புறுதி அலுவலகம், வார இறுதியில் கிள்ளானில் ஒரு கல்யாண இசைக்குழுவில் கீபோர்டு. அறை முழுக்கக் கொசுவத்திப் புகை. அதையும் மீறிக்கொண்டு கீழேயிருந்து இஸ்திரி போட்ட ஈரத்துணியின் வாசனை ஏறி வரும். இன்றைக்கும் அந்த வாசனை பட்டால் எனக்குத் தேவி அக்காவின் குரல் கேட்கிறது. மூக்குக்கும் காதுக்கும் நடுவில் எங்கோ வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

தேவி அக்கா குணாவின் மூத்த சகோதரி. ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். தம்பியின் இசைக்குழுவிலேயே கோரஸ் பாடுகிறவர். கோரஸ் என்றால் மேடையில் பின்வரிசை, முன்னால் நிற்கிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் "ஆ..." என்று இழுக்க வேண்டும். கிள்ளான் வட்டாரத்தில் அக்காலத்தில் எடுத்த கல்யாண வீடியோக்களைப் போட்டுப் பார்த்தால் அக்காவின் இடது தோள் எல்லாவற்றிலும் தெரியும். முகம் ஒன்றிலும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் அறைக்கு வந்தார். வந்து உட்கார்ந்ததுமே விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"தொண்டையில கட்டியாம். தீபாவளி முடிஞ்சி ஆபரேஷன். குரல் பழையபடி வரலாம், வராமலும் போலாம்னு டாக்டர் சொல்றாரு. அதுக்குள்ள ஒரு பாட்டு எடுத்துக் குடுங்கலா. மெயினும் நானே, கோரஸும் நானே."

அக்கா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "என்னடா, செத்த வீடு மாதிரி மூஞ்ச வெச்சிருக்கீங்க? குடிக்க மைலோ இருக்கா இல்லையா?" என்றார் அக்கா.

ஒலிப்பதிவுக் கூடத்தை வாடகைக்கு எடுக்க எங்களுக்கு வக்கில்லை. குணாவிடம் ஒரு பழைய கணினி இருந்தது. ஒரு குரலைப் பாடி, அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த குரலைப் பாடி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதற்குப் பல ட்ராக் உள்ள ஒரு மென்பொருள் மட்டும்தான் தேவை. பெயர்பெற்ற ஒன்றின் விலையை விசாரித்தோம். கடைக்காரர் சொன்னதும் இருவரும் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம்.

குணாவின் அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுநர். நாங்கள் பதினாறு ட்ராக், எட்டு ட்ராக் என்று அவர் வீட்டில் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்துவிட்டது. மலாயில் 'ட்ராக்' என்றால் லோரிதான். மனிதர் பதறிப்போனார்.

"பதினாறு ட்ராக்கா? என் முதலாளி தவுக்கேகிட்டயே ஆறுதான்டா ஓடுது! வாங்கி எங்க நிறுத்துவே? லைசென்ஸ் இருக்கா உனக்கு?"

அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் குணாவுக்கு வேர்த்துவிட்டது. கடைசியில், "அப்ப லோரி இல்லியா?" என்று கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் கேட்டார்.

அவரைப் பார்த்துச் சிரித்த நாங்கள் அடுத்த வாரமே அதே பள்ளத்தில் விழுந்தோம். கணினிக் கடைகள் நிறைந்த ஒரு கட்டடத்தின் படிக்கட்டில் மலிவு விலை வட்டு விற்கிற ஆளிடம், "பாஸ், மல்டி ட்ராக் இருக்கா?" என்று ரகசியமாகக் கேட்டோம். "ஆடா, ஆடா. பான்யாக் ட்ராக்," இருக்கிறது, நிறையவே ட்ராக் இருக்கிறது என்று அவன் மலாயில் சத்தியம் பண்ணினான். பொய் சொல்லவில்லை. அறைக்கு வந்து போட்டுப் பார்த்தால் கார் பந்தய விளையாட்டு. ட்ராக்கெல்லாம் அருமையான ட்ராக். பாட்டை மறந்து இரண்டு வாரம் ஓட்டினோம் என்பதை அக்காவிடம் சொல்லவில்லை.

கடைசியில் கை கொடுத்தது ஒரு கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த வட்டு. எங்கோ வெளிநாட்டில் ஒரு சின்ன நிறுவனம் செய்தது. முழுப்பதிப்பு மலிவுதான். ஆனால் கடன் அட்டை வேண்டும். எங்களிடம் இருந்தவை அடையாள அட்டையும் நூலக அட்டையும். ஆகவே மாதிரிப் பதிப்பு. அதில் இரண்டு தண்டனைகள்: நான்கு ட்ராக்குக்கு மேல் கிடையாது, பாட்டை முடித்து வெளியே எடுக்கும்போது நடுநடுவே அதுவாகவே ஒரு 'பீப்' போட்டுவிடும்.

பதிவு தொடங்கியது. சன்னலில் மெத்தையைத் தொங்கவிட்டோம். மெட்டு குணாவுடையது, வரிகள் என்னுடையவை. நிலவு, கனவு, நினைவு மூன்றும் தவறாமல் வரும், அதற்குமேல் கேட்காதீர்கள். ஒலிப்பதிவுப் பொறியாளரும் நானே. அக்கா பாட வாயெடுத்ததும் மின்விசிறியை நிறுத்துவது, முடித்ததும் போடுவது. பாதிப் பாட்டில் ரயில் போனால் மறுபடி முதலிலிருந்து. அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சளைக்காமல் பாடினார்.

முதல் தடவை எடுத்துக் கேட்டபோது, உருக்கமான இடத்தில் கரெக்டாக பீப் அடித்தது. "என்னடா இது, லோரி ரிவர்ஸ் எடுக்குற மாதிரி?" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். குணா தலையில் கை வைத்துக்கொண்டான். அக்கா அந்த பீப்பை இரண்டு மூன்று முறை முனகிப் பார்த்தார்.

"இது ஒரு சுதிடா. நாம கொஞ்சம் மேல ஏறிப் போனா இதோட சேந்துக்கலாம்."

அப்படித்தான் செய்தோம். பீப்பின் சுதிக்குப் பாட்டை ஏற்றி, பீப் விழும் இடத்துக்கு வேகத்தைத் திருத்தி, அது தாளத்தின் முதல் தட்டில் வருகிற மாதிரி பண்ணிவிட்டான் குணா. ஆனால் அக்கா அதுவரை தொட்டிராத உயரத்தில் பாட வேண்டியிருந்தது. தொண்டையில் கட்டியை வைத்துக்கொண்டு தொட்டார். நான் விசிறியைப் போட மறந்து நின்றேன்.

அதற்குப் பிறகுதான் வேறொரு கணக்கு உதைத்தது. மெயின் ஒன்று, கோரஸ் மூன்று, ஆக நான்கும் தீர்ந்தன. "அப்ப என் கீபோர்டு?" என்றான் குணா.

"உன் கீபோர்டுக்கு ஆபரேஷனா பண்ணப் போறாங்க? அடுத்த பாட்டுக்கு வாசி போ."

கோபித்துக்கொண்டு கீழே போய்த் தனியாக ரொட்டி சானாய் தின்றுவிட்டு வந்தான். வந்தவனுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். நான்கு தேவி அக்காக்கள், வேறு ஒரு வாத்தியமும் இல்லை, அங்கங்கே அந்த பீப். வாயைத் துடைத்துக்கொண்டு, "கீபோர்டு வேணாம்தான்," என்றான்.

குணாவின் அப்பாவுடைய லோரியில் அந்தப் பாட்டு ஓடாத நாளில்லை. "தேவி பரவால்லலா. ஆனா நடுவுல தம்பி ஒரு டிங் வாசிக்கிறான் பாரு, அதுதான் பாட்டுக்கே உயிரு," என்று துறைமுகத்தில் எல்லாரிடமும் சொன்னார். குணா இன்றுவரை மறுக்கவில்லை.

தீபாவளி முடிந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டி நல்லவிதமாகப் போயிற்று. குரல் வந்தது, தடித்து, தாழ்ந்து வந்தது. மேலே ஏறப் பார்த்தால் வெறும் காற்றுதான் வந்தது. "இனிமே ஆம்பள கோரஸுக்கும் என்னையே கூப்பிடலாம்லா," என்று அக்கா சொன்னதும் வீடே சிரித்தது. என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை. லோரியைப் பார்க்கிற சாக்கில் வெளியே போய் நின்றேன். அக்கா அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை.

குணாவுக்குக் கடன் அட்டை கிடைத்த அன்று முதல் வேலையாக அந்த முழுப்பதிப்பை வாங்கப் போனோம். நிறுவனமே இல்லை. தனித்தனி ட்ராக்காக இருந்த கோப்புகளை வேறெந்த மென்பொருளும் திறக்க மாட்டேன் என்றது. பிறகு கணினியும் போயிற்று, தையற்கடை இருந்த கட்டடமும் போயிற்று, அந்த இடத்தில் இப்போது எது எங்கே இருந்தது என்று எனக்கே தெரிவதில்லை. மிஞ்சியது பீப்போடு கூடிய அந்த ஒரு பாட்டு.

சென்ற தீபாவளிக்குக் கிள்ளானில் குணா வீட்டில் கூடியிருந்தோம். அவனுடைய மடிக்கணினியில் அதைப் போட்டான். அக்கா காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு முடிந்தும் கழற்றவில்லை.

"யாருடா இந்தப் பொண்ணு? எவ்ளோ மேல போய் நிக்கிறா!"

ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து மட்டும் நகர்த்தி, "குணா, இதுல இன்னொரு ட்ராக் சேக்க முடியுமா?" என்றார்.

"முடியும்கா. ஏன்?"

"இவளுக்குப் பின்னால நான் கோரஸ் பாடணும்."

குணா புது ட்ராக் ஒன்றைத் திறந்தான். இனி யாருக்கும் வராத அந்தக் குரல் மேலே பாடத் தொடங்கியது. அது மூச்சு வாங்கும் இடம் வரும்வரை பொறுத்திருந்து, கீழே, தடித்த குரலில், அக்கா "ஆ..." என்று இழுத்தார்.