பனி விலகவேண்டும் என்று கேட்டேன்

என் அப்பாவுக்கு பஸ் ஆகாது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இந்த ஒரு காரணத்தால் எங்கள் குடும்பத்தில் ஓர் அண்ணனும் தங்கையும் பல வருடங்கள் பேசாமல் இருந்தார்கள். அவர்களைச் சேர்த்துவைத்தவர் எங்கள் தோட்டத்துச் சாமி ரோதைமுனி ஐயா. அதை உங்கள் முன் சொல்லாமல் இருந்தால் எனக்கு மனம் ஆறாது. அதனால்தான் எழுதுகிறேன்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கிறது எங்கள் தோட்டம். அப்பா ஸ்டோரில் வேலை செய்கிறார். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கொழுந்து உருட்டும் ரோலர்களுக்குப் பக்கத்தில் நின்றே அவருடைய காலம் போய்விட்டது. அந்தச் சத்தத்துக்கெல்லாம் அசையாத மனிதர், பஸ்ஸில் ஏறினால் அவிசாவளை போவதற்குள் வாந்தி எடுக்கச் சொப்பிங் பையைத் தேடுவார். மலைக்குப் போகிற பஸ் என்றால் ஏறும்போதே முகம் வெளுத்துவிடும்.

அவருடைய ஒரே தங்கை, என் அத்தை, வெலிமடைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். அத்தையின் மகள் கவிதாவின் சடங்குக்கு அப்பா தாய்மாமன் சீரோடு புறப்பட்டார். கினிகத்தேனை ஏற்றத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். அம்மாதான் சீர்த்தட்டுகளோடு தனியாகப் போய்ச் சேர்ந்தார். அத்தை வீட்டுக்காரரின் உறவினர்கள் சபையிலேயே, "பொண்ணுக்கு மாமன் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அத்தை அப்பாவோடு பேசவில்லை. அம்மாவின் போனுக்கு மட்டும் அழைப்பார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, பேப்பர் பார்ப்பதுபோல் காதை நீட்டிக்கொண்டிருப்பார்.

போன ஆவணியில் கவிதாவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து அழைத்து வந்தால்தான் பெண் மணவறை ஏறுவாள். அத்தை அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "இந்தத் தடவையும் அண்ணன் வரலேன்னா, எனக்கு அண்ணன் இல்லன்னே நெனச்சிக்கிறேன் அண்ணி."

அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை.

அப்போது நான் வேறொரு கனவில் இருந்தேன். எங்கள் வீட்டில் உயர்தரம் படித்துப் பாஸ் பண்ணியது நான் ஒருவன்தான். இப்போது தெஹியோவிட்டப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். முதல் சம்பளத்திலிருந்து சேர்த்து ஒரு பைக் வாங்கியிருந்தேன். கினிகத்தேனை, ஹட்டன், நானுஓயா, நுவரெலியா, ஹக்கலை என்று உயரமான மலை வழிகளை எல்லாம் ஒரே சுற்றில் பைக்கில் ஓடிப் பார்க்க வேண்டும் என்று ஆவணி விடுமுறைக்காகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். எந்த முடக்கு வளைவில் ரோடு மோசம், எங்கே பெற்றோல் ஷெட், எங்கே மழை ஒதுங்கலாம் என்று போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே எனக்கு அந்த வழி மனப்பாடம்.

அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சொன்னேன்: "பஸ்தானேப்பா ஆகாது? பைக்ல காத்து அடிக்கும். டீசல் நாத்தம் இல்ல. நான் கூட்டிட்டுப் போறேன்."

அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே, "பாத்துங்க, பெத்த புள்ள முதுகுலயே வாந்தி எடுத்து வச்சிறாதீங்க," என்றார்.

அன்றைக்கே கவிதாவும் அழைத்தாள். அப்பாவிடம் அவளுக்கு எப்போதும் செல்லம். "மாமா, ஒங்க மகன விட்டுட்டு வேற மாப்பிள்ளையக் கட்டுறேன்னு கோவிச்சிக்கிட்டு வராம இருந்துறாதீங்க."

"அவன் ரோட்டத்தான் கட்டிக்கிட்டான். நீ தப்பிச்ச தாயி," என்றார் அப்பா. அவர் சிரித்ததைப் பார்த்து எனக்கு நம்பிக்கை வந்தது.

செயின், பிரேக், டயர் எல்லாம் பார்த்தேன். மழைக்கோட்டு வாங்கினேன். அப்பாவுக்கு ஒரு ஹெல்மெட். தோளில் ஒரு தட்டுத் தட்டினால் மெதுவாகப் போகவேண்டும், இரண்டு தட்டினால் நிறுத்தவேண்டும் என்று பேசிவைத்தோம். அம்மா சீர்ச் சாமான்களோடு முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டார்.

புறப்படுகிற விடியற்காலை ஸ்டோருக்குப் பின்னால் இருக்கும் ரோதைமுனியிடம் போனோம். ரோதை என்றால் சக்கரம். மெஷினில் வேலை செய்கிற ஆட்களைக் காப்பாற்றுகிற சாமி அவர். மரத்தடியில் ஒரு கல்லும் சூலமும்தான் கோயில். அப்பா சுருட்டு வைத்து, தேங்காய் உடைத்துக் கும்பிட்டார். நான் கண்ணை மூடி, மழை பெய்யக்கூடாது, பனி இறங்கக்கூடாது, ரோடு பளிச்சென்று தெரியவேண்டும் என்று வாய்விட்டே கேட்டேன்.

"என்னடா, சாமிக்கே பாடம் நடத்துற? வாத்தியாரு புத்தி," என்றார் அப்பா.

கித்துள்கல வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. அப்பா பின்னாலிருந்து ஆற்றைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். ஏற்றம் தொடங்கி, ஒரு பக்கம் மலையும் ஒரு பக்கம் பள்ளமுமாக வளைவுகள் வந்ததும் பேச்சு நின்றது. ஒரு தட்டு. மெதுவாகப் போனேன். மறுபடி ஒரு தட்டு. பிறகு இரண்டு தட்டு. இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். வாய் கொப்பளித்து, எலுமிச்சங்காயை முகர்ந்து, மறுபடி ஏறினார். அடுத்த வளைவிலேயே இரண்டு தட்டு. இப்படியே எத்தனை இடத்தில் நின்றோம் என்று தெரியாது. கினிகத்தேனைக்குக் கொஞ்சம் கீழே ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் அவர் உட்கார்ந்துவிட்டார். உதடு காய்ந்திருந்தது.

கடைக்காரச் சிங்கள அம்மா வெளியே வந்து, "தாத்தாட்ட இங்குரு தே எகக் தென்னத?" என்று என்னைக் கேட்டார். அப்பாவுக்கு ஓர் இஞ்சித் தேத்தண்ணி தரட்டுமா என்று அர்த்தம். சிங்களத்தில் அப்பாவைத்தான் தாத்தா என்பார்கள். என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசும் அப்பா, அந்த நிலைமையிலும், "ஒனக்கு இன்னும் கல்யாணமே ஆகல, அதுக்குள்ள என்னத் தாத்தாவாக்கிட்டாங்க," என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் நிறைந்துவிட்டது.

"போன தடவையும் இந்த எடத்துலதான் தம்பி எறங்குனேன். இதுக்கு மேல எனக்கு விதி இல்ல. நீ போ. நீ போயி நின்னாப் போதும். தங்கச்சிகிட்ட எதையாவது சொல்லு."

நான் போய் நின்றால் மாமன் நின்றதாக ஆகிவிடுமா? கடைக்குப் பின்னால் போனேன். யாரும் பார்க்காத இடத்தில் நின்று அழுதேன். "ஐயா, ரோதைமுனி, காலம் பூரா ஒங்க காலடியில நின்ன மனுசன். ஒரு நாளும் தனக்குன்னு எதையும் கேக்கல. இன்னிக்கு அவருக்கு வழி விடுங்க," என்று கேட்டேன். பழக்கதோஷத்தில், வானம் வெளுக்கட்டும், பனி வராமல் இருக்கட்டும் என்றும் சேர்த்துக் கேட்டேன்.

திரும்பி வந்தபோது பனி இறங்கிக்கொண்டிருந்தது.

முதலில் எதிர்ப்பக்க மலை போனது. பிறகு மரங்கள். பிறகு ரோட்டோரக் கம்பிவேலி. கடைக்காரம்மா லைட்டைப் போட்டார். எனக்கு முனி மேல் கோபம் வந்தது. உண்மையைச் சொல்லவேண்டும், நெஞ்சுக்குள் அவரைத் திட்டினேன். கேட்டதற்கு நேர் எதிராக நடக்கிறதே!

அப்பா எழுந்து நின்றிருந்தார். ரோட்டின் ஓரம் வரை நடந்து போய் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, பள்ளம் போயிருச்சி," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"ஒண்ணும் தெரியல பாரு. வெள்ளையா இருக்கு. வா, இப்பவே போயிருவோம்."

"என்னப்பா, வாந்தி நின்னிருச்சா?"

அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு தலையைக் குனிந்தபடி சொன்னார். "நாத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. பள்ளத்தப் பாத்தா பயம். காலு தரையில இருந்தா எந்த மலையும் ஏறுவேன். என்னத் தூக்கிக்கிட்டு ஓரமாப் போனா வயித்தப் பொரட்டிரும். வாந்தின்னு சொன்னா பாவம்பாங்க. பயம்னு சொன்னா சிரிப்பாங்கள்ள."

நான் சிரிக்கவில்லை. அவர் தலையில் ஹெல்மெட்டைப் போட்டு, வாரைக் கட்டிவிட்டேன்.

கொழும்பில் காய்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் ஒரு மரக்கறி லொறி முன்னால் ஊர்ந்து போனது. அதன் சிவப்பு லைட்டைப் பிடித்துக்கொண்டு, சைக்கிள் வேகத்தில் கினிகத்தேனையைத் தாண்டினோம். வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை. பனி விலகவே இல்லை. எனக்குத்தான் விரல் விறைத்தது. அப்பா பின்னால் கதை சொல்லிக்கொண்டே வந்தார். அத்தை சின்னப் பிள்ளையில் கொழுந்துக் கூடைக்குள் ஒளிந்துகொண்ட கதை. பால் டின்னைத் திருடி மாட்டிக்கொண்டு அண்ணன் பெயரைச் சொன்ன கதை. அவ்வளவு பேச்சு அப்பாவிடம் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு தட்டுக்கூட என் தோளில் விழவில்லை.

மெதுவாகப் போனதால்தான் வாந்தி வரவில்லை என்று சிலர் சொல்லலாம். நானும் படித்தவன்தான், அது எனக்கும் தெரிகிறது. மெதுவாகப் போக வைத்தது யார் என்று மட்டும் நான் கேட்டுக்கொள்கிறேன்.

நுவரெலியா தாண்டி, ஹக்கலைக்குக் கீழே இறங்கும்போது பனி சட்டென்று முடிந்தது. ஆவணியில் அந்தப் பக்கம் வெயில்தான். ரோடு பளிச்சென்று தெரிந்தது. பள்ளமும் தெரிந்தது. நான் கேட்ட வரம் இப்போதுதான் கிடைத்தது.

அப்பா தன் தலையை என் முதுகில் சாய்த்துக்கொண்டார். ஹெல்மெட் முதுகெலும்பில் இடித்தது. இரண்டு கையும் என் இடுப்பைச் சுற்றி இறுகின.

"நான் கண்ண மூடிக்கிறேன். நீ என்னா வருதுன்னு சொல்லிக்கிட்டே போ."

"லீக்ஸ் தோட்டம்ப்பா."

"அப்புறம்?"

"போஞ்சிக் கொடி. ஒரு கோயில். இப்ப கெழங்குத் தோட்டம்."

உண்மையில் அது பள்ளம். பள்ளம் வந்த இடத்தில் எல்லாம் கிழங்குத் தோட்டம் என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இம்புட்டுக் கெழங்கையும் யாருடா தின்னுறது?"

வெலிமடையைத் தாண்டி, அந்தித் தேத்தண்ணி நேரத்துக்குப் பந்தல் போட்டிருந்த அத்தையின் லயத்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அப்பா இறங்கினார். இத்தனை வருடப் பேச்சையும் அவர் எங்கிருந்து தொடங்குவார் என்று நான் பயந்து நின்றேன். அத்தை ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சாப்புட்டியாண்ணே?"

அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தவரைக் கேட்பதுபோல் கேட்டார். அப்பா இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். பிறகு இருவரும் அழுதார்கள். அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் கவிதாவின் நெற்றியில் அப்பா பட்டம் கட்டினார். அவசரத்தில் முடிச்சு விழவில்லை. "மெதுவாக் கட்டுங்க மாமா, நான் எங்கயும் ஓடிற மாட்டேன்," என்றாள் அவள். சபை சிரித்தது. அந்தச் சிரிப்பில் அத்தையும் இருந்தார்.

கல்யாணம் முடிந்து நானும் அம்மாவும் புறப்பட்டோம். அப்பா வரவில்லை. "பனி எறங்கட்டும், நீ வந்து கூட்டிட்டுப் போ. இந்த வெயில்ல என்னால பள்ளத்தப் பாக்க ஏலாது," என்றார். அந்தப் பக்கத்தில் ஆவணி முடியும்வரை பனி இறங்காது. அது அப்பாவுக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். ஸ்டோரில் லீவு முடிகிற வரைக்கும் அண்ணனும் தங்கையும் வாசலில் உட்கார்ந்து, தெளிந்த வானத்தைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். பிறகு நான்தான் போய், மறுபடியும் கிழங்குத் தோட்டம் சொல்லிக்கொண்டே அப்பாவைக் கூட்டி வந்தேன்.

இப்போது அத்தை நேராக அப்பாவின் போனுக்கே அழைக்கிறார். பள்ளத்தைக் கண்டால் தனக்குப் பயம் என்று அப்பா ஸ்டோரிலேயே சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் சிரித்தார்கள். பிறகு தங்கள் பயங்களைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

நானும் மாறியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் ரோதைமுனியிடம் போகிறேன். வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு, அது எந்த வழியில் வரவேண்டும் என்று சொல்லாமல் திரும்புகிறேன். பழகுவதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

உறவுகளே, உங்களுக்கும் சேரவேண்டிய ஒரு வீடு இருக்கும், பேசவேண்டிய ஓர் ஆள் இருப்பார். உங்கள் தெய்வம் எதுவானாலும் அதன் முன் போய் நின்று கேளுங்கள். நீங்கள் கேட்டதற்கு எதிராக வானம் இருண்டு வந்தால் தெய்வத்தைத் திட்டினாலும் பரவாயில்லை, நானும் திட்டியவன்தான். வண்டியை மட்டும் திருப்பிவிடாதீர்கள்.