ஆள் விழுந்திட்டுது

நோர்வேயில் படிக்கட்டில் எதிர்ப்படும் அயலவர்கள் "ஹேய்" என்பார்கள். அது அவர்களுடைய வணக்கம். நானோ இலங்கையில், வன்னியின் நெடுங்கேணியில் மாட்டுப்பட்டி வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். எங்களிடம் அது மாடு துரத்துகிற சத்தம். முதல் வருடம் முழுவதும் யாரோ என்னைப் பட்டிக்குச் சாய்த்துக்கொண்டு போவது போல ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். இந்த முறை விடுமுறைக்கு ஊருக்குப் போய், இப்போது தம்பி பார்க்கிற அதே பட்டியில் நின்று "ஹேய்" என்று கத்தினேன். "ஆருக்கு வணக்கம் சொல்லுறீர்?" என்று கேட்டார் என் கணவர். மாடுகளும் அசையவில்லை.

கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார். வேட்டை என்பதை அவர் கேள்விப்பட்டதே அங்கேதான். கூட வேலை செய்பவர்கள் எல்க் என்ற பெரிய மானைச் சுடப் போகும்போது, ஒருவரையொருவர் சுட்டுவிடாமல் இருக்கச் செம்மஞ்சள் தொப்பி போடுவார்கள். அப்படி ஒன்றை இவரும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்திருந்தார். பன்றி வயலைக் கிளறுவதால் தம்பியிடம் பயிர்க்காவலுக்கு அனுமதி பெற்ற துவக்கு இருக்கிறது. "அத்தான், இதைப் போட்டால் பண்டி நிண்டு பாத்திட்டுத்தான் ஓடும்" என்றான் அவன். சனிக்கிழமை முழுவதும் சாணி அள்ளி, கன்று கட்டி, வேலி இறுக்கியதில் எனக்கு இடுப்பு விட்டுப்போனது.

ஞாயிறு விடிய அவர்கள் இருவரும் நாய்களோடு காட்டுக்குப் போனார்கள். தம்பியின் மனைவியான என் மச்சாள் பால் கறந்துகொண்டிருந்தாள். காட்டுப்பக்கம் ஒரு வெடி கேட்டது. சற்று நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. கை ஈரமென்று என்னை எடுக்கச் சொன்னாள். தம்பிதான். "ஆள் விழுந்திட்டுது. ட்ரக்டரைக் கொண்டு வாங்கோ" என்றான். தொடர்பு அறுந்துவிட்டது.

சண்டைக் காலத்தில் செல்லடி ஓய்ந்ததும் ஒழுங்கையில் யாராவது இப்படித்தான் கத்திக்கொண்டு வருவார்கள். எந்த வீட்டு ஆள் என்பதுதான் கேள்வி. எங்கள் அப்பா செத்தபோதும் அந்தச் சொல்லைத்தான் வந்து சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் நாட்டைவிட்டுப் போனேன்.

போனில் பேசியவன் தம்பி, அப்படியென்றால் விழுந்தது என் கணவர்தான். தம்பி சொன்னதை அப்படியே மச்சாளிடம் சொன்னேன். அவள் பதறாமல் வாளியை மூடிவைத்தாள்.

"பெரிய ஆளோ மச்சாள்?" என்று என்னைக் கேட்டாள்.

"தொண்ணூறு கிலோ" என்று அழுதுகொண்டே சொன்னேன்.

"அப்ப பெரிய கத்தியும் எடுக்கோணும்" என்றாள், முகமெல்லாம் சந்தோஷமாக.

இவளுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்தேன். அவள் ட்ரக்டரை இயக்கும்வரை நிற்கப் பொறுக்காமல் வண்டிப்பாதை வழியே வெறுங்காலோடு ஓடினேன். காட்டு விளிம்பில் என் கணவர் செம்மஞ்சள் தொப்பியோடு, பெரிய ஆண்பன்றி ஒன்றின் காலைப் பிடித்தபடி படத்துக்கு நின்றுகொண்டிருந்தார். போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் அவருக்கு முதுகில் ஒரு அடியும் போட்டேன். பாவம், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

காட்டுக்குள் போனால் தம்பி, வேட்டைக்காரர் வழக்கப்படி, பன்றியைப் பெயர் சொல்ல மாட்டானாம், ஆள் என்றுதான் சொல்வானாம். நான் ஏன் அழுகிறேன் என்று அவனுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு துவக்கைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தான்.

"அக்கா, இப்ப இஞ்ச அந்தச் சொல்லுக்குப் பண்டி மட்டுந்தான் விழுகுது."

எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அங்கேயே இருந்தவர்கள் அந்தச் சொல்லை எப்போதோ ஆற்றிவிட்டார்கள். நான்தான் அதைப் பழைய சூட்டோடு இவ்வளவு காலமும் வைத்திருந்திருக்கிறேன்.

வேட்டைக்குப் போனவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு, துவக்குக்கு ஒரு பங்கு என்று தேக்கிலையில் இறைச்சி பிரித்தார்கள். ஓடி வந்ததற்காக எனக்கும் ஒரு பங்கு விழுந்தது. மறுநாள் விமானம். மச்சாள் அதைப் பையில் கட்டி, என் பெயரை எழுதிக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தாள். நேற்றுப் போனில் பேசும்போது, கனநாளாகக் கிடக்கிறது, சமைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நான் வரும்வரைக்கும் அங்கேயே இருக்கட்டும் என்றேன்.