பாதிக்கு மேல் பச்சை

நான் பொய் சொன்னேன். டேட்டா முடிந்துவிட்டது என்று கூடப்பிறந்த தங்கையிடம் ஏழு மாதங்கள் பொய் சொன்னேன். அது முடியவில்லை. அந்த ஏழு மாதங்களில் ஒரு மாதம்கூட முடிந்ததில்லை.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். இரண்டு மூன்று ஜிபியைக் கொடுக்க மறுத்ததெல்லாம் ஒரு குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படிச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன்... பொறுங்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து சற்று உள்ளே, வீதியோரம் எங்கள் வீடு. முன்னறையில் நான் ஒரு கொமினிக்கேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி எடுப்பது, ஒன்லைனில் விண்ணப்பம் போடுவது, பரீட்சை முடிவு பார்த்துக் கொடுப்பது, இவைதான் வேலை. பின்னறைகளில் நானும் தங்கை மெற்றில்டாவும் அவளுடைய மகள் நிலாவும் இருக்கிறோம். மெற்றில்டாவின் கணவன் றெஜி கட்டாரில் வேலை செய்கிறான். குழந்தைக்கு ஐந்து மாதமாக இருக்கும்போது, படகையும் வலையையும் தமையனிடம் விட்டுவிட்டுப் போனவன். என் கணவர் பிரான்சில். அவர் போய் ஆறு வருடமாகிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை.

கோபுரம் தூரம் என்பதால் எங்கள் வீட்டில் கைப்பேசிக்குச் சிக்னல் சரியாக வராது. கூரையில் அன்டெனா பூட்டி ஒரு ரவுட்டர் வைத்திருந்தேன். கடைக்கும் வீட்டுக்கும் அது ஒன்றுதான். பெயர் என்னுடையது. எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற செயலியும் என் கைப்பேசியில் மட்டும்தான் இருந்தது. அது முழுக்க ஆங்கிலம். மெற்றில்டா அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

இந்தப் பக்கேஜ்களைப் பற்றிக் கேட்டு என் கடைக்கு ஆட்கள் வருவார்கள். நான் பொறுமையாக விளங்கப்படுத்துவேன். வீட்டுப் பக்கேஜ் என்றால் மாதத்துக்கு இவ்வளவு ஜிபி என்று ஒரு அளவு. அதிலும் பகலுக்கு ஒரு பங்கு, நள்ளிரவுக்குப் பிறகு விடியும்வரை இன்னொரு பங்கு. ஒன்றை மற்றதற்கு மாற்ற முடியாது. அளவு முடிந்தால் இணைப்பு அறுந்துவிடாது, ஆனால் ஊரத் தொடங்கிவிடும். வேண்டுமென்றால் மேலதிகமாக வாங்கலாம். வியாபாரத்துக்கான பக்கேஜ் விலை கூட, ஆனால் பகலும் இரவும் ஒன்றுதான், அளவு பார்த்துப் பார்த்துப் பாவிக்க வேண்டியதில்லை. குரல் மட்டும் போகிற கோலுக்குக் கொஞ்சம் போதும். முகம் காட்டினால்தான் டேட்டா மளமளவென்று போகும்.

இவ்வளவும் தெரிந்தவள் நான். தெரியாமல் பிழை விட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

றெஜி தினமும் பின்னேரம் வேலை முடிந்ததும் வீடியோவில் வருவான். நாங்கள் செபமாலை சொல்லி முடிக்கிற நேரம் அது. மெற்றில்டா ரவுட்டருக்குப் பக்கத்திலிருக்கும் கதிரையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். அவன் ஒவ்வொன்றாகக் கேட்பான். பிள்ளையின் காலைக் காட்டு, பல்லைக் காட்டு, முதுகில் வேர்க்குரு போட்டிருக்கிறதா காட்டு... நிலா திரையை நக்குவாள். அவன் சிரிப்பான். கடைசியில் மெற்றில்டாவைப் பார்த்து, "நீ மெலிஞ்சு போனாய், ஒழுங்காச் சாப்பிடுறேல்லையோ?" என்று கேட்பான்.

நான் போட்டோக்கொப்பி மெஷினைத் துடைப்பதுபோல நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் மெலிந்தேனா பருத்தேனா என்று கேட்க எனக்கு யார் இருந்தார்? இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை. அந்த ஒரு கேள்விக்காக நான் ஏங்கினேன். இன்னும் ஏங்குகிறேன்.

என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கோல் எடுப்பார். குரல் மட்டும். கமராவைப் போடச் சொன்னால், "டேட்டா முடியப்போகுது, வைக்கிறன்" என்பார். நான் நம்பினேன். நான் சிக்கனக்காரி, அவரும் சிக்கனக்காரர் என்று பெருமையாகக்கூட நினைத்தேன்.

ஒருநாள் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு அக்கா அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க வந்தா. பக்கத்தில் நின்ற ஒருவருக்கு நான் பக்கேஜ் விளங்கப்படுத்தியதைக் கேட்டுவிட்டுச் சிரித்தா. "அங்க வீட்டுக்கு லைன் எடுத்தால் அளவு கிளவு ஒண்டும் இல்லைத் தங்கச்சி. விடிய விடிய ஓடினாலும் முடியாது. போனில போடுறதே ஒரு மாசத்துக்குத் தின்னத் தின்ன முடியாத அளவு."

நான் கொப்பியைக் கொடுத்தேன். மிச்சக் காசைக் கொடுத்தேன். குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஆறு வருடம்... அவருக்கு ஒருநாளும் முடிந்திருக்கவில்லை.

அன்று பின்னேரம் மெற்றில்டா குழந்தைக்குப் பவுடர் போட்டுப் பொட்டு வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் செயலியைத் திறந்தேன். பகல் அளவைக் காட்டும் கோடு பாதிக்கு மேல் பச்சையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"பகல் டேட்டா முடிஞ்சுது."

"முடிஞ்சுதோ? அப்ப இண்டைக்கு அவரைப் பாக்கேலாதோ அக்கா?"

"குரல் எண்டால் போகும். முகம் காட்டாதை. இரவு டேட்டா கிடக்கு, வேணுமெண்டால் பன்னிரண்டு மணிக்குப் பிறகு கதை."

விடியுமுன் வேலைக்குப் போகிறவன் அவன், அதற்குள் படுத்துவிடுவான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அவள் ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை. "அக்கா கடை நடத்துறா, அவாவின்ர டேட்டாவை நாங்கள் முடிக்கக் கூடாது" என்று அவனிடம் சொன்னாள். அடுத்த மாதமும் அதையே சொன்னேன், அதற்கடுத்த மாதமும் சொன்னேன். விண்ணப்பக் காலம், கடைக்கு வேண்டும் என்றேன். ஞாயிறுதோறும் குழந்தையின் படம் ஒன்றை அவனுக்கு அனுப்ப மட்டும் விட்டேன், அதற்குக் கொஞ்சம்தான் போகும் என்று பெருந்தன்மையாகச் சொல்லி! மாத முடிவில் மிஞ்சியதெல்லாம் தானாக அழிந்தது. எனக்கும் உதவவில்லை, அவர்களுக்கும் உதவவில்லை.

நிலா நடந்த நாளைச் சொல்லவேண்டும்.

மெற்றில்டா கைப்பேசியை வாயருகே பிடித்தபடி தரையில் இருந்தாள். "கதிரையை விட்டிட்டாள்... ஒரு அடி வைச்சிட்டாள்... நிக்கிறாள்... ரெண்டு... ஐயோ, விழுந்திட்டாள். இல்லை, அழேல்லை, சிரிக்கிறாள்." அந்தப் பக்கமிருந்து அவன் குரல் கேட்டது. "எந்தக் காலை முதல் வைச்சவள்?"

மெற்றில்டா கவனித்திருக்கவில்லை. என்னைப் பார்த்தாள். "வலது" என்றேன். நான் கவனித்திருந்தேன். அந்த நேரம் என் கையிலிருந்த கைப்பேசியில் கோடு முழுப் பச்சையாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாதம் பிறந்துவிட்டது, கமராவைப் போடு என்று... ஏன் சொல்லவில்லை? எனக்குக் கிடைக்காதது அவளுக்கும் கிடைக்கவேண்டாம் என்று நினைத்தேனா? ஓம். அப்படித்தான் நினைத்தேன்.

ஏழாம் மாத முடிவில் றெஜி விடுமுறையில் வந்தான். காலை பஸ்ஸில் வந்து இறங்கி, பையைப் படலையடியில் போட்டுவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு வந்தான். நிலா வீரிட்டு அழுது என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் தேடியது தாயைக்கூட அல்ல, என்னை.

"அப்பாவடி செல்லம், அப்பா வந்திருக்கிறார்" என்றாள் மெற்றில்டா. குழந்தை அழுகையை நிறுத்திச் சுற்றிப் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்த கைப்பேசியைக் காட்டி, "அப்பா" என்றாள். எட்டி எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

றெஜி வெளியே போய், தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நின்றுகொண்டு மெற்றில்டாவின் கைப்பேசிக்கு எடுத்தான். குழந்தை சிரித்தாள். "அப்பா, அப்பா" என்று மழலையில் கதைத்தாள். யன்னலால் எனக்கு அவன் தெரிந்தான். சொந்த வீட்டு முற்றத்தில் மறைந்து நின்று, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளோடு கதைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவன் என்னிடம் சொன்னான். "குரல் மட்டும்தானே கேட்டவள் மச்சாள், பிள்ளையில பிழையில்லை."

பிழை யாரில் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியாது... அவன் நின்ற ஒரு மாதத்தில் மூன்று வாரம் நிலா அவனைக் கண்டு ஒளித்தாள். நாலாம் வாரம்தான் அவன் நெஞ்சில் நித்திரை கொண்டாள். அந்த வாரம் முடிய அவன் போய்விட்டான்.

கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, "பொய் சொன்னேன் சுவாமி" என்று மற்றப் பொய்களோடு சேர்த்துச் சொன்னேன். அவர் மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். சொன்னேன். என்ன பொய் என்பதைச் சொல்லவில்லை. அதனால் அந்த மன்னிப்பு எனக்குரியதல்ல.

இப்போது வியாபாரப் பக்கேஜ் எடுத்துவிட்டேன். கடைக்காக என்று சொன்னேன். பகல் இல்லை, இரவு இல்லை, முடிகிற அளவும் இல்லை. என் கணவர் இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கிறார். "டேட்டா முடியப்போகுது" என்கிறார். நான் "ஓம், வையுங்கோ" என்கிறேன். பொய் சொல்கிறீர்கள் என்று அவரிடம் கேட்க எனக்கு எந்த வாய் இருக்கிறது?

மெற்றில்டா எல்லாரிடமும் சொல்லித் திரிகிறாள். "அக்கா எங்களுக்காகத்தான் பெரிய பக்கேஜ் போட்டவா."

நேற்றுப் பின்னேரமும் றெஜி வீடியோவில் வந்தான். முகம் தெளிவாகத் தெரிந்தது. நிலா கைப்பேசியை வாங்கினாள், திரையைப் பார்க்கவில்லை, வழக்கம்போலக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். எத்தனை தரம் திருப்பிக் கொடுத்தாலும் அப்படித்தான் செய்கிறாள். அவனுக்கு அங்கே அவளுடைய காது மட்டும்தான் தெரியும்.

"பரவாயில்லை, விடு" என்றான் அவன். "தோடு வடிவாயிருக்கு. ஆர் வாங்கிக் குடுத்தது?"

"அக்கா" என்றாள் மெற்றில்டா.